கேனோபியில் காய்ந்துபோன டேப் பசை: நீலகிரித் தைலம் தொடலாமா?

கோத்தகிரி_ஷெட்

இருவர் உட்காரும் பழைய கிளைடர் (இன்ஜின் இல்லாத விமானம்) ஒன்றைக் காட்சிக்கு வைக்கத் தயார் செய்கிறோம். பறக்கப்போவதில்லை. கேனோபி, அதாவது விமானி இருக்கையை மூடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் குவிமாடம், 3 மி.மீ. கனம், சுமார் ஒன்றரை மீட்டர் நீளம், அலுமினியச் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டுப் பிடித்திருக்கிறது. வெளிப்புறம் முழுக்க மாஸ்கிங் டேப்பும் பிரவுன் பேப்பரும் ஒட்டிய நிலையில் பல மழைக்காலம் ஷெட்டில் கிடந்தது. பேப்பரை நனைத்து உரித்தாகிவிட்டது. மிச்சம் நிற்கும் பசை மூன்று விதம்: ஜன்னல் வெயில் பட்ட பக்கம் பழுப்பு நிறத்தில் கெட்டியாக, தட்டினால் சில்லு சில்லாக உதிர்கிறது, நிழல் பக்கம் இன்னும் பிசுபிசுப்பு, முன்மூக்கில் பழைய வினைல் ஸ்டிக்கரின் வெளுத்த பசை.

தின்னர், பெட்ரோல் கூடாது என்பது தெரியும். இங்கே யாரைக் கேட்டாலும் நீலகிரித் தைலம்தான் சொல்கிறார்கள். பாட்டில் லேபிள், எவர்சில்வர் பாத்திரத்து ஸ்டிக்கர் எல்லாவற்றுக்கும் அதுவே. கேனோபிக்குத் தொடலாமா? கூடாது என்றால் காரணத்தோடு சொல்லுங்க.

---

பாலிமர்_வாத்தியார்

தைலம் வேண்டாம். துணி நுனியில் ஒரு சொட்டு வைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

காரணம் இரண்டு பாதி. முதல் பாதி தைலத்தில் இருக்கிறது. நம் மலையில் காய்ச்சும் யூகலிப்டஸ் எண்ணெயில் பெரும்பங்கு சினியோல், கூடவே பைனீன், லிமோனீன் வகையறா. தெர்மோகோல் துண்டின் மேல் ஊற்றினால் குழிந்து கரைந்துபோகும். அக்ரிலிக் அப்படிக் கண்ணெதிரே கரையாது. அதனால்தான் ஏமாறுகிறோம்.

இரண்டாம் பாதி கேனோபியில் இருக்கிறது. சூடாக்கி வளைத்துக் குவிமாடமாக்கிய அக்ரிலிக்குக்குள் இழுவிசை தங்கியிருக்கும். ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி இன்னும் அதிகம். இழுவிசையில் நிற்கும் இடத்தில் ஒத்துவராத திரவம் பட்டால், அது மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. மேற்பரப்பு நுண்ணிய கோடுகளாகப் பிளக்கிறது. மெக்கானிக்குகள் கிரேசிங் என்பது இந்த மயிரிழை விரிசலைத்தான். நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்த்து டார்ச் அடித்தால் வெள்ளிக் கம்பிகளாக மின்னும். பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே இறங்கிய விரிசல் அது.

இழுவிசை மட்டும் இருந்தால் பல வருடம் தாங்கும். திரவம் மட்டும் பட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். இரண்டும் சேர்ந்தால் சில நிமிடம் போதும். ஒரே திரவம் தட்டையான அக்ரிலிக் துண்டில் ஒன்றும் செய்யாமல், கேனோபியில் நாசம் செய்வது இதனால்தான்.

---

மஞ்சூர்_பைக்கர்

ஹெல்மெட் ஓட்டிலும் தண்ணீர்க் கேனிலும் தைலம் போட்டுத் துடைப்பது இங்கே வழக்கம். ஒன்றும் ஆவதில்லையே சார்?

---

பாலிமர்_வாத்தியார்

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருள் இல்லைங்க. மூடி, வாளி வகையெல்லாம் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன். கண்ணாடியும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கே இல்லை. அவற்றுக்குத் தைலம் நல்ல பசை நீக்கி, மறுக்கவில்லை. ஆனால் ஹெல்மெட் வைசர் பாலிகார்பனேட். அதில் போட வேண்டாம். ஓட்டிலேயே ஏபிஎஸ், பாலிகார்பனேட் ரகங்கள் உண்டு. உயிர்காக்கும் பொருளில் எந்தக் கரைப்பானும் கூடாது. வெளியே பளபளப்பாக இருந்துகொண்டு, அடிபடும் நாளில் உடையும்.

என் வார்த்தையை நம்பவும் வேண்டாம், சோதித்தே பாருங்க. போர்டு எழுதும் கடையில் 3 மி.மீ. அக்ரிலிக் வெட்டுத் துண்டு கிடைக்கும். 25 மி.மீ. அகலம், 18 செ.மீ. நீளத்தில் பட்டைகள் வெட்டி, விளிம்பை நைசான உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்க. பட்டையின் ஒரு முனையை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு இறுக்கி, விளிம்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்க. பட்டை ஏறக்குறைய 1 செ.மீ. கீழே வளையும், மேசை விளிம்புக்கு நேர் மேலே, பட்டையின் மேல்முகத்தில் சுமார் 13 மெகாபாஸ்கல் இழுவிசை இருக்கும். அங்கே திரவத்தில் நனைத்த பஞ்சை வைத்து 30 நிமிடம் காத்திருந்து, பஞ்சை எடுத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பாருங்க. பக்கத்தில் வெறும் தண்ணீர் வைத்த பட்டை ஒன்று கட்டாயம், ஒப்பிட. விமானத்துறையில் அக்ரிலிக்குக்கான துப்புரவுத் திரவங்களைச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் எஃப்484 என்ற தரநிலை முறையின் அடிப்படையும் இதே வளைத்த பட்டைதான்.

அசிட்டோன், தைலம், ஆரஞ்சு எண்ணெய் நீக்கி, சானிடைசர், லைட்டர் திரவம் என்று வரிசையாக வையுங்க. ஒவ்வொன்றுக்கும் புதுப் பட்டை.

---

ஏஎம்இ_குன்னூர்

வாத்தியார் சொன்னது முழுக்கச் சரி. இனி வேலைக்கு வருவோம். முதலில் ஒன்று: இது காட்சிப் பொருள் என்பதால் இங்கே பேசுகிறோம். பறக்கும் விமானமென்றால் அதன் பராமரிப்புக் கையேடு என்ன திரவம் சொல்கிறதோ அது மட்டுமே. உரிமம் பெற்ற ஏஎம்இ (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) பார்த்துக் கையெழுத்திட வேண்டிய வேலை அது.

அது அக்ரிலிக்தானா என்று உறுதி செய்யுங்க. மாற்றிப் போட்ட பாலிகார்பனேட்டாகவும் இருக்கலாம். போன் திரையை வெள்ளையாக வைத்துக் கேனோபிக்குப் பின்னால் பிடித்து, முன்னால் போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பாருங்க. கண்ணாடியைத் திருப்பித் திருப்பி, திரை கறுக்கும் கோணத்தில் நிறுத்த வேண்டும். வானவில் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். மங்கலாக, துளையோரம் மட்டும் லேசாக வெளிச்சம் தெரிந்தால் அக்ரிலிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். விரலால் தட்டினால் அக்ரிலிக் கணீரென்றும் பாலிகார்பனேட் மந்தமாகவும் கேட்கும். கொளுத்திப் பார்க்கும் சோதனையைக் கழன்று விழுந்த சில்லில் மட்டும் செய்யலாம்: அக்ரிலிக் பழவாசனையோடு தொடர்ந்து எரியும், பாலிகார்பனேட் கரும்புகை விட்டுத் தானே அணையும்.

அடுத்தது ஸ்க்ரூ. பசையைத் தொடும் முன் இதைச் செய்யுங்க. அக்ரிலிக் அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு விரியும். ஒன்றரை மீட்டர் கேனோபியில் 25 டிகிரி வித்தியாசத்துக்கு அக்ரிலிக் 2.6 மி.மீ. நீளும், சட்டம் 0.9 மி.மீ.தான் நீளும். ஜனவரியில் உறைபனி விழுந்த காலையும் பதினொரு மணி வெயிலும் நம் ஊரில் இந்த வித்தியாசத்தைச் சாதாரணமாகத் தரும். ஸ்க்ரூ இறுகியிருந்தால் இரண்டு நீட்சிக்கும் உள்ள வித்தியாசம் அத்தனையும் துளையோரத்தில் அழுத்தமாக ஏறும். ஒவ்வொன்றையும் ஒரு முழுச் சுற்றுத் தளர்த்துங்க. திரும்பப் பூட்டும்போதும் கெட்டியாகப் பிடிக்கும் வரை முடுக்கி, ஒரு சுற்றுப் பின்வாங்குவதே முறை.

---

கோத்தகிரி_ஷெட்

தளர்த்தியாச்சு. தட்டினால் கணீரென்றுதான் கேட்கிறது, கூலிங்கிளாஸிலும் வானவில் இல்லை. அக்ரிலிக்தான். இரண்டு துளையோரம் ஏற்கெனவே 5 மி.மீ. அளவில் கோடுகள் இருக்கின்றன.

---

ஏஎம்இ_குன்னூர்

அந்த இரண்டு இடத்தையும் சுற்றி 5 செ.மீ. தூரத்துக்கு சோப்புத் தண்ணீர் தவிர எதுவும் போகக்கூடாது. மார்க்கர் பேனா வேண்டாம், அதன் மையும் கரைப்பான்தான். சட்டத்தின் மேல் நூல் கட்டி அடையாளம் வையுங்க.

கழுவுவது இப்படி. மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எல்லாம் கழற்றிவிடுங்க. 5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் மணமில்லாத பாத்திரம் கழுவும் திரவம். சூடு 35 முதல் 40 டிகிரி, மணிக்கட்டில் ஊற்றினால் இதமாக இருக்க வேண்டும். குளிர்ந்து கிடக்கும் கேனோபியில் கொதித்த தண்ணீரை ஊற்றக்கூடாது. முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து வழியவிட்டுத் தூசியை இறக்குங்க. பிறகு வெறும் கையால், துணி இல்லாமல், சோப்புத் தண்ணீரோடு தடவுங்க. செம்மண் துகள் இருந்தால் விரலுக்குத் தெரியும், துணிக்குத் தெரியாது. துணியின் மடிப்பில் மாட்டிய ஒரே ஒரு மணல் கேனோபி முழுக்கக் கோடு போட்டுவிடும்.

அதன்பிறகுதான் துணி. பலமுறை துவைத்த பருத்தி வேட்டித் துணி அல்லது புது மைக்ரோஃபைபர். துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசியது கூடாது. டிஷ்யூ பேப்பர், செய்தித்தாள், பனியன் வேஸ்ட் மூன்றும் வேண்டாம். வட்டமாகத் தேய்க்காமல் முன்னும் பின்னும் நேராகத் துடையுங்க. வட்டக் கீறல் எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தாலும் மின்னும். காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். ஒற்றி எடுங்க.

---

லேப்_அருவங்காடு

எல்லாரும் தைலத்தையே பேசுகிறீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கிறதே, கறை விடாமல் பறந்துவிடும். நேரடியாகச் சொல்கிறேன்: தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, சட்டென்று துடைத்தால் ஆபத்தில்லை. அக்ரிலிக் பலகை விற்பவர்களே சிலர் இதை அனுமதிக்கிறார்கள்.

---

பாலிமர்_வாத்தியார்

பலகைக்கு அனுமதிக்கிறார்கள், உண்மை. தட்டையான, புதிய, துளையில்லாத பலகைக்கு. இங்கே இருப்பது சூட்டில் வளைத்தது, வயதானது, துளையோரம் ஏற்கெனவே விரிசல் விட்டது. கூடவே, சட்டென்று துடைத்தால் இந்தப் பசை போகவே போகாது. காய்ந்த ரப்பர் பசை ஊற வேண்டும், பத்து நிமிடம் ஊறவிட்டால் ஆல்கஹாலும் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும். ரப்பர் பசையை ஆல்கஹால் அவ்வளவாகக் கரைப்பதும் இல்லை. அதிக ஆபத்து, குறைந்த பலன். கேனோபிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

---

லேப்_அருவங்காடு

ஊறவைக்கும் விஷயம் நியாயம். அப்படியானால் எதை ஊறவைப்பது?

---

ஏஎம்இ_குன்னூர்

நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள். பென்சீன், டொலுயீன் போன்ற அரோமேட்டிக் கலப்பு இல்லாதவை. இவற்றை அக்ரிலிக் தாங்கும், ரப்பர் பசை தாங்காது.

கடையில் கிடைப்பதில் சுலபமானது சிகரெட் லைட்டருக்கு நிரப்பும் நாப்தா திரவம். 100 மி.லி. டப்பா இரண்டு இந்த வேலைக்குப் போதும். கேஸ் டப்பா இல்லை, பஞ்சு லைட்டருக்கான திரவம், கவனித்து வாங்குங்க. லேப் பொருள் கடையில் ஹெப்டேன் கிடைத்தால் இன்னும் சுத்தம். ஹெக்ஸேனும் வேலை செய்யும், ஆனால் அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும், ஹெப்டேன் இருக்கும்போது அது தேவையில்லை. மண்ணெண்ணெயைப் பழைய பராமரிப்பு நூல்களே அனுமதிக்கின்றன. மெதுவாக ஆவியாவதால் ஊறவைக்க வசதி. நிறமேற்றிய ரேஷன் எண்ணெய் வேண்டாம், வெள்ளை மண்ணெண்ணெய் பாருங்க. எண்ணெய்ப் படலம் விடும் என்பதால் பின்னர் இரண்டு முறை சோப்புக் கழுவல்.

பெயின்ட் கடை டர்பன்டைனை இதனோடு குழப்ப வேண்டாம். அதில் அரோமேட்டிக் பங்கு கணிசமாக இருக்கும். பெட்ரோல் அதைவிட மோசம்: அரோமேட்டிக்கும் இருக்கிறது, இப்போது 20 சதவீதம் வரை எத்தனாலும் சேர்கிறது. விமானப் பெட்ரோலிலும் டொலுயீன் உண்டு. நெயில் பாலிஷ் ரிமூவர், அமோனியா உள்ள கண்ணாடி ஸ்பிரே, பித்தளை பாலிஷ், ஆரஞ்சு எண்ணெய் நீக்கி எல்லாம் ஷெட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

செய்முறை: சட்டத்தின் மடிப்புக்குள் மறைகிற ஓரத்தில் ஒரு ரூபாய் காசு அளவு தொட்டுவைத்து, 24 மணி நேரம் கழித்து டார்ச்சில் பாருங்க. சுத்தமாக இருந்தால் தொடங்கலாம். பிசுபிசுப்புப் பகுதிக்கு முதலில் திரவமே வேண்டாம். வெதுவெதுப்பான ஈரத்துணியை 5 நிமிடம் போர்த்தி, பசை இளகியதும் கட்டைவிரலால் உருட்டுங்க. உருண்டு வருவதைப் புது மாஸ்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுங்க. பாதிக்கு மேல் இப்படியே வந்துவிடும்.

மிச்சத்துக்கு நாப்தா. உள்ளங்கை அளவு துணியில் 5 மி.லி., சொட்டக்கூடாது. பசை மேல் படுக்கவைத்து 2 நிமிடம், பிறகு ஒரே திசையில் வழித்துத் துணியின் புதுப்பக்கத்துக்கு மாற்றுங்க. அதே பக்கத்தால் மறுபடி துடைத்தால் கரைந்த பசையைப் பரப்புகிறீர்கள், அவ்வளவுதான். 15 செ.மீ. சதுரம் முடிந்ததும் சோப்புத் தண்ணீர், அலசல், டார்ச் சோதனை. அடுத்த சதுரத்துக்கு அப்புறம் போங்க.

---

உதகை_மாடலர்

தேங்காய் எண்ணெய் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரப்பர் பசைக்கு நன்றாக வேலை செய்யும், அக்ரிலிக்கையும் ஒன்றும் செய்யாது.

---

ஏஎம்இ_குன்னூர்

சரியான யோசனை. மலையில் ஒரு சிக்கல்: 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும். உறைந்த எண்ணெய் பசைக்குள் இறங்காது. மருந்துக் கடையில் லிக்விட் பாரஃபின் வாங்குங்க, குளிரிலும் திரவமாகவே இருக்கும். மணம், நிறம் சேர்க்காத பாட்டில். பஞ்சில் தடவி மேலே பிளாஸ்டிக் உறை போர்த்தி இரவு முழுக்க விடலாம். நாப்தாவை அப்படி விட முடியாது, நிமிடங்களில் பறந்துவிடும்.

---

கோத்தகிரி_ஷெட்

வாத்தியார் சொன்ன பட்டைச் சோதனை செய்தோம். அசிட்டோன் பட்டை பஞ்சு வைத்த சில நிமிடத்தில் முறிந்தது. தைலப் பட்டையில் அரைமணி முடிவில் குறுக்காக மெல்லிய கோடுகள். லைட்டர் திரவம், லிக்விட் பாரஃபின், தண்ணீர் மூன்றிலும் ஒன்றுமில்லை. இனி இங்கே தைலப் பேச்சு எழாது.

பிசுபிசுப்புப் பக்கம் முழுக்கப் போய்விட்டது. பழுப்புப் பக்கம் நாப்தாவுக்கும் அசையவில்லை. ஸ்டிக்கர் பசை இழுபடுகிறதே தவிர வருவதில்லை.

---

பாலிமர்_வாத்தியார்

பழுப்புப் பகுதியில் வெயிலும் காற்றும் ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னிவிட்டன. பின்னிய ரப்பர் எந்தத் திரவத்திலும் கரையாது, ஊதிப் பருக்க மட்டும் செய்யும். அதனால் கரைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, ஊறவைத்துப் பிடியைத் தளர்த்துவதைப் பாருங்க. லிக்விட் பாரஃபின் 12 மணி நேரம், வழித்தல், மறுபடி 12 மணி நேரம். மூன்று நாலு சுற்றுப் பிடிக்கும். அவசரப்பட்டு வீரியமான திரவத்துக்குத் தாவும் இடம் இதுதான். கேனோபிகள் பாழாவதும் இங்கேதான்.

ஸ்டிக்கர் பசை வேறு கதை. வினைல் ஸ்டிக்கரில் பெரும்பாலும் அக்ரிலிக் பசை. பசையும் கேனோபியும் ஒரே வேதிக் குடும்பம். அந்தப் பசையை நொடியில் கரைக்கும் திரவம் கேனோபியையும் தாக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்க. வெதுவெதுப்பும் இழுப்பும்தான் வழி. ஈரத்துணியால் 40 டிகிரிக்குச் சூடேற்றி, நாப்தா 2 நிமிடம் ஊறவிட்டு, புது டேப்பை அழுத்தி ஒட்டி, மேலே தூக்காமல் பரப்போடு படிந்தாற்போல் பின்னோக்கி மடித்து மெல்ல இழுங்க. துணியை முற்றிலும் எடுத்துச் சூடு ஆறியபின்தான் நாப்தா பாட்டிலைத் திறக்க வேண்டும்.

---

ஏஎம்இ_குன்னூர்

வழிப்பதற்கு பிளேடு, ஏடிஎம் கார்டு வேண்டாம். கார்டின் வெட்டு விளிம்பில் பிசிறு இருக்கும். உங்களிடம் மிஞ்சியிருக்கும் அக்ரிலிக் பட்டையின் முனையை 600, 1200 உப்புத்தாளில் வட்டமாக உருட்டி, ஈரமாக வைத்து, படுக்கைக் கோணத்தில் தள்ளுங்க. ஹேர் டிரையர் எடுக்கவே வேண்டாம். அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டி இளகும். டிரையர் வாயருகே ஒரே இடத்தில் நின்றால் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறும், பார்வை வளையும்.

தீ விஷயத்தில் அழுத்திச் சொல்கிறேன். நாப்தா, ஹெப்டேன் ஆவி உறைபனிக் குளிரிலும் பற்றும், காற்றைவிடக் கனமானதால் தரையோடு பரவும். ஷெட்டுக்குள் குளிருக்குக் கரிக் கணப்பு, ஹீட்டர் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கட்டும். நனைந்த துணிகள் மூடியுள்ள தகர டப்பாவில். நைட்ரைல் கையுறை போடுங்க. கேனோபியின் ஓரத்து ரப்பர் பட்டையை (பீடிங்) நாப்தாவும் மண்ணெண்ணெயும் ஊதவைக்கும். கழற்ற முடிந்தால் கழற்றுங்க, இல்லையென்றால் அலுமினியத் தாளை மடித்துச் செருகுங்க.

---

கொடை_ஆர்சி

இழையைத் தொடர்கிறேன். கொடைக்கானலில் பறக்கவிடும் ஆர்சி (ரிமோட்டில் இயக்கும் மாதிரி) கிளைடர்களின் கேனோபிக்கும் இதே முறையா?

---

பாலிமர்_வாத்தியார்

அவை பெரும்பாலும் பெட்-ஜி என்ற பிளாஸ்டிக் அல்லது பாலிகார்பனேட் மென்தகடு. சோப்புத் தண்ணீரும் லிக்விட் பாரஃபினும் போதும். தைலம் அங்கேயும் கூடாது. டபிள்யூடி-40 கூடத் தெளிந்த பாலிகார்பனேட்டில் படக்கூடாது என்று தயாரிப்பாளரே சொல்கிறார்.

---

கோத்தகிரி_ஷெட்

பழுப்புப் பசை நாலு சுற்றில் வந்துவிட்டது. ஸ்டிக்கர் இருந்த இடத்தில் எழுத்தின் வடிவம் மட்டும் லேசாகத் தெரிகிறது, விரலுக்கு எதுவும் படவில்லை. பாலிஷ் போடலாமா? பிறகு மூடிவைப்பது எப்படி?

---

ஏஎம்இ_குன்னூர்

அது பசை இல்லை, சுற்றியிருந்த பரப்பு வெயிலில் தேய்ந்து ஸ்டிக்கருக்குக் கீழே புதிதாகவே நின்றதன் வித்தியாசம். காட்சிப் பொருளுக்கு அப்படியே விட்டாலும் குற்றமில்லை. போக்கத்தான் வேண்டுமென்றால் அக்ரிலிக்குக்கான நைஸ் பாலிஷ் திரவத்தோடு தொடங்குங்க. அதற்கும் போகாவிட்டால்தான் மைக்ரோமெஷ் எனும் நைஸ் தேய்ப்புத் துணிகள், எண் கூடக்கூட நைஸ். 1500இல் ஆரம்பிக்காதீர்கள், இவ்வளவு லேசான தடத்துக்கு 6000, 8000, 12000 போதும். ஒரே இடத்தைக் குடையாமல் நாலு மடங்கு பரப்பில் பரவலாகத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் லென்ஸாகி உருவத்தை வளைக்கும். டூத்பேஸ்ட் வேண்டாம். துளையோர விரிசல் பக்கம் பாலிஷும் போக வேண்டாம்.

மூடுவதற்கு டேப், பேப்பர், கிளிங் ஃபிலிம் எதுவும் இனி பரப்பில் ஒட்டக்கூடாது. உள்ளே மென்பருத்தி வைத்துத் தைத்த உறை, காற்றோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் திறப்பு. தார்ப்பாய் நேரடியாகப் போர்த்தினால் கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க ஈரம் உள்ளேயே நிற்கும், காற்றில் ஆடி உரசவும் செய்யும். உறையைப் போடும் முன் ஒவ்வொரு முறையும் கேனோபியைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒற்றி, முழுக்க உலரவிடுங்க. பெயர்ப்பலகை ஒட்டுவதாக இருந்தால் அலுமினியச் சட்டத்தில் ஒட்டுங்க, கேனோபியில் வேண்டாம்.